வளைகாப்பில் சொல்லக் கூடாதது

எங்கள் மகப்பேறு பிரிவிலிருந்து இந்த வருடம் சிறப்பு மருத்துவர் பயிற்சிக்கு ஒரே ஒரு பெயர்தான் போகும் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் விக்னேஸ்வரன். இன்னொருத்தி நான், தினேஸ்வரி.

விக்னேஸ்வரன் மோசமில்லை. கத்தி பிடிக்கத் தெரியும். அதைவிட நன்றாகப் பேசத் தெரியும். அப்பா டாக்டர், அத்தை டாக்டர், வீட்டு நாய்க்குக்கூடத் தனி டாக்டர். என் வீட்டில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கோப்பெங் பக்கத்தில் பால்மரம் சீவினார். முதலாளி தோட்டத்தை விற்று, வாங்கியவன் எண்ணெய்க்காகச் செம்பனை போட்டதும் அப்பா லாரி ஓட்டப் போனார். இதைச் சொன்னால் சிலருக்கு உடனே கண் கலங்கும். எனக்கு எரிச்சல்தான் வரும்.

"பேட்டியில அந்தத் தோட்டத்துக் கதைய எடுத்து வுடு லா," என்றான் விக்னேஸ்வரன், கேண்டீனில் என் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டே. "பேட்டி எடுக்குற மூணு பேரும் அழுதுருவாங்க. நான் என்னத்தச் சொல்றது? எங்கப்பா மெர்சிடிஸ் பஞ்சரான கதையா?"

"நீயே எடுத்துக்க. இனாமாத் தரேன்."

"கோபத்தப் பாரு. இதுக்குத்தான் உன்னப் பத்திப் புகார் எழுதுறாங்க."

அதுதான் சிக்கல். எங்கள் துறைத் தலைவர் டாக்டர் நித்யகல்யாணி, ஈப்போவில் மூன்று தலைமுறையாக இருக்கும் செட்டிநாட்டுக் குடும்பத்து மருமகள். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ரத்தம் தரையில் ஓடும்போதும் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கேட்பதுபோல்தான் கத்தரிக்கோல் கேட்பார். போன வாரம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"உன் கை நல்லா இருக்கு தினேஸ்வரி. வாய்தான் சரியில்ல. இந்த வருஷம் உன் மேல ரெண்டு புகார். மூணாவது வந்துச்சுன்னா உன் பேர நான் அனுப்புறது கஷ்டம்."

முதல் புகார், மனைவியிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்ன ஒரு கணவர் எழுதியது. "வயிறு உங்களுதா, அவங்களுதா?" என்று கேட்டேன். இரண்டாவதை இங்கே எழுதினால் மூன்றாவது வந்துவிடும்.

பேட்டி செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு என் பெரியப்பா மகள் துளசிக்கு வளைகாப்பு. படிக்க வேண்டும் என்றேன். அம்மா விடவில்லை. "உன் தங்கச்சி மொறைதானே. ஒரு மூஞ்சக் காட்டிட்டு ஓடிரு."

போனேன். அப்பா பால்மரம் சீவிய தோட்டம் இப்போது இல்லை. கோயிலும் அதை ஒட்டிய டேவான் மண்டபமும் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கின்றன. எதிரே தாமான் என்ற புதிய குடியிருப்பு. துளசியின் மாமியார் வீடு அங்கேதான். டேவானுக்குள் ஸ்பீக்கர் அலறியது. துளசி பச்சைப் பட்டில், சந்தனம் பூசிய கன்னத்தோடு மேடையில் உட்கார்ந்திருந்தாள். நான் தட்டிலிருந்து இரண்டு வளையல் எடுத்ததும் ஒரு கை வந்து தடுத்தது. துளசியின் மாமியார் நல்லம்மாள்.

"நீ போடக் கூடாதும்மா தினேசு. கல்யாணம் ஆவலயே. சாப்பாட்டுப் பக்கம் போயி எலை சரியா இருக்கான்னு பாரு."

வருடத்துக்கு எத்தனை பிள்ளைகளை இந்தக் கையால் வெளியே எடுக்கிறேன். அந்தக் கை வளையல் போட ஆகாது. வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் வாயை மூடுவதாக எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன்.

வளையல் ஏறவில்லை. ஈப்போ லிட்டில் இந்தியாவில் போன மாதம் துளசியின் கைக்கே அளவு பார்த்து வாங்கிய கண்ணாடி வளையல். ஒருத்தி சோப்பு கொண்டு வந்தாள். இன்னொருத்தி துளசியின் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி, அதன் மேல் வளையலைத் தள்ளினாள்.

"நீர் போட்டிருக்குடி. ஆம்பளப் புள்ளதான்."

"மாமியா சோறு அப்படி. கையே ஊறிப்போச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். துளசியும் சிரித்தாள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். மேடை விளக்கிலிருந்து முகத்தைத் திருப்பினாள். நான் சாப்பாட்டுப் பக்கம் போகவில்லை. நேராக மேடை ஏறினேன்.

"தலை வலிக்குதா?"

"காலையிலேருந்து இருக்குக்கா. இந்த லைட்டு வேற கூசுது. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி..."

"வயிறு? மேல, இங்க?"

"காஸ்ட்ரிக்குக்கா. ராத்திரி சாப்பிடல."

அவள் புறங்கையைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். பள்ளம் அப்படியே நின்றது.

"கடைசியா எப்பச் செக்கப் போன?"

பதில் நல்லம்மாளிடமிருந்து வந்தது. "ரெண்டு வாரம் முந்தி வரச் சொன்னாங்க. இன்னிக்குத்தான் தாய் வீட்டுக்கு அனுப்புறமே, தெலுக் இந்தான் போயி அங்கயே காட்டிக்கட்டும்னு வுட்டுட்டோம்."

இந்தத் தவறைச் செய்ய எங்களால்தான் முடியும். மாமியார் வீட்டுக் கிளினிக் இனி நமக்கில்லை. அம்மா வீட்டுக் கிளினிக் இன்னும் நமக்கு வரவில்லை. நடுவில் பிள்ளைத்தாச்சி யாருடைய கணக்கிலும் இல்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லாரும் சோப்பும் கையுமாகப் பாசமாகத்தான் நிற்கிறார்கள்.

"யார் வீட்டுல பிரஷர் மெஷின் இருக்கு?" என்று கத்தினேன்.

அந்தத் தாமானில் பிரஷர் மெஷின் இல்லாத வீடு கிடையாது. எதிர்வீட்டுச் சின்னையா மாமா ஓடிப்போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தார். துளசியின் கையில் கட்டினேன். நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றுப் பதினான்கு.

"அது பழைய மெஷின்மா," என்றார் சின்னையா மாமா. "எனக்கும் அப்படித்தான் கண்டபடி காட்டும்."

"உங்க கைய நீட்டுங்க."

அவருக்குக் கட்டினேன். நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு மாமா. நீங்களும் நல்லாத்தான் இருக்கீங்க." மறுபடி துளசிக்குக் கட்டினேன். இன்னும் ஏறியிருந்தது.

"அத்தை, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"போலாம்மா, யாரு வேணான்னா? இன்னும் அஞ்சு பேரு போட வேண்டியிருக்கு. ஆரத்தி எடுக்கல. பாதியில எந்திரிக்கக் கூடாது."

"அத்தை, இப்பவே."

"நீ சின்னப் புள்ள. நானும் மூணு பெத்தவதான். எனக்கும் காலெல்லாம் வீங்குச்சு."

அப்போதுதான் சொன்னேன். கோபத்தில் வாய் தவறவில்லை. தெளிவாக, மேடையில் நின்று, ஸ்பீக்கருக்கும் மேலே குரல் எடுத்துச் சொன்னேன்.

"இவளுக்கு வலிப்பு வரப்போகுது. வந்தா இந்த நாற்காலியிலயே செத்துப்போவா. புள்ளையும் சேந்து."

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். வளைகாப்பில் உடைந்த வளையலைக்கூட 'உடைஞ்சிருச்சு' என்று சொல்லமாட்டார்கள். நான் சாவைச் சொல்லிவிட்டேன். அதுவும் சந்தனம் காயாத கன்னத்தைப் பார்த்து.

"வாயக் கழுவுடி!" நல்லம்மாளின் கை என்னை அடிக்கத்தான் எழுந்தது, பாதியில் நின்றுவிட்டது. துளசியின் அம்மா, என் பெரியம்மா, அழ ஆரம்பித்தாள். ஆண்கள் பக்கத்திலிருந்து துளசியின் கணவன் தனேஸ்வரன் ஓடிவந்தான்.

"உன் பொண்டாட்டி செத்துப்போவாளாம்டா. டாக்டரம்மா சொல்றாங்க, கேட்டுக்க!" என்றாள் நல்லம்மாள்.

"யாரப் பாத்து என்ன பேசுறீங்க?" அவன் என் முகத்துக்கு நேரே வந்தான். "டாக்டர்னா என்ன வேணாலும் சொல்வீங்களா? இது எங்க வீட்டு விசேஷம்."

"சாவியக் குடு தனேஸ். என் காருக்குப் பின்னால சாப்பாட்டு வேன் நிக்குது. உன் கார்தான் வெளியில இருக்கு."

"குடுக்க மாட்டேன். மொதல்ல எங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

அவன் விடவில்லை. நானும் விடவில்லை. ஆளாளுக்குக் கத்தினார்கள். பத்து நிமிடம் போயிருக்கும். ஒவ்வொரு நிமிடமும் துளசியின் மூளையில் பிரஷர் இடித்துக்கொண்டிருந்தது. நானோ ஒரு சாவிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

முடித்துவைத்தவள் துளசி. கையில் பிளாஸ்டிக் பையோடு எழுந்து நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு. நான் அக்காகூடப் போறேன். சாவியக் குடுங்க."

அவன் கொடுக்கவில்லை. தானே ஓட்டினான். கார் கிளம்பும்போது நல்லம்மாள் ஆரத்தித் தட்டோடு குறுக்கே ஓடிவந்தாள். ஜன்னல் வழியாகத் துளசிக்கு மூன்று சுற்று சுற்றி, டயர் ஓரம் ஊற்றிவிட்டு, அதே வேகத்தில் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். வழி முழுக்க நான் ஆஸ்பத்திரிக்காரர்களோடு போனில் பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து தயாராக இருந்தது. வலிப்பைத் தடுக்கும் ஊசி, இரண்டு பக்கத் தொடையிலும் போட்டார்கள். துளசி ஊரைக் கூட்டினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது. அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஈப்போ.

அன்று டூட்டியில் விக்னேஸ்வரன். பிரஷரை இறக்கி, சாயங்காலம் அறுத்துப் பிள்ளையை எடுத்தான். சுத்தமான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண் குழந்தை. எடை குறைவு, குரல் குறைவில்லை.

திங்கட்கிழமை காலை நல்லம்மாள் ஆஸ்பத்திரிக் கவுன்டருக்குப் போயிருக்கிறாள். மருமகளையும் பேத்தியையும் காப்பாற்றியதற்கு நன்றி என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். கூடவே, டாக்டர் தினேஸ்வரி வளைகாப்பில் சாவு வார்த்தை சொன்னதற்கு ஒரு புகாரும்.

மூன்றாவது.

"நீ ஒருத்திதான்லா," என்றான் விக்னேஸ்வரன், "உயிரக் காப்பாத்திட்டுப் புகாரும் வாங்குவ."

செவ்வாய்க்கிழமை பேட்டி அறையில் மூன்று பேர். டாக்டர் நித்யகல்யாணி நடுவில். ஒரு பக்கம் மூத்த மலாய் டாக்டர் அம்மா, இன்னொரு பக்கம் எப்போதும் சிரிக்காத சீன டாக்டர். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. என் மொழியில் எழுதுகிறேன்.

"ஏன் இந்தத் துறை?" என்று கேட்டார் சிரிக்காதவர்.

"எனக்கு இது நல்லா வருது."

"அவ்வளவுதானா?"

"நல்லா வராத வேலையக் கேட்டு ஏன் உங்க நேரத்தக் கெடுக்கணும்?"

மலாய் டாக்டர் அம்மா குனிந்து எதையோ எழுதினார். நித்யகல்யாணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை விஷயத்துக்கு வருவோம். தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. அதனாலேயே நீ பேசினது சரின்னு ஆயிருமா?"

"இல்ல டாக்டர். பேசினதுல தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"வரிசை. கார் சாவிய வாங்குறதுக்கு முன்னாடி அந்த வார்த்தையச் சொல்லிட்டேன். அதுல பத்து நிமிஷம் போச்சு. அந்தப் பத்து நிமிஷத்துல அவளுக்கு வலிப்பு வந்திருந்தா அதுக்கு என் வாய்தான் காரணம். மொதல்ல சாவி வாங்கியிருக்கணும். அவளக் கார்ல ஏத்தியிருக்கணும். அப்புறம் சொல்லியிருக்கணும்."

"அப்ப, மறுபடியும் சொல்லுவ?"

"கார்ல உக்காந்தும் எறங்குறேன்னு அடம் பிடிச்சா, சொல்லுவேன்."

சிரிக்காதவர் இருமினார். இருமல் கொஞ்சம் நீளமாக இருந்தது. நித்யகல்யாணியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. போச்சு என்று நினைத்தேன். போகிறதென்றால் முழுதாகச் சொல்லிவிட்டே போகலாம்.

"இன்னொன்னு இருக்கு டாக்டர். என் வாயத் திருத்தலாம். நம்ம கிளினிக்க யாரு திருத்துறது? தமிழ்ப் பொம்பளைங்க வளைகாப்பு முடிஞ்சதும் அம்மா வீட்டுக்குப் போறாங்க. ஏழாம் மாசம், ஒன்பதாம் மாசம். பிரஷர் ஏறுற நேரமே அதுதான். அப்பப் பாத்து ஊரு மாறுது, கிளினிக் மாறுது, நடுவுல யாரும் பாக்குறதில்ல. துளசி சோம்பேறி இல்ல. வளைகாப்புக்கு அப்புறம் அங்க போய்ப் பாத்துக்கலாம்னு இருந்தா. நாம எத்தனையோ தேதி கேக்குறோம், வளைகாப்புத் தேதி கேக்குறதில்ல. அதக் கேட்டு, அதுக்கு முந்தின நாள் இங்க வரவச்சு பிரஷர் பாத்துட்டு அனுப்பினா, நான் யாரு மேடையிலயும் ஏறிக் கத்த வேண்டியதில்ல."

மலாய் டாக்டர் அம்மா வளைகாப்பு என்றால் என்ன என்று கேட்டார். நித்யகல்யாணியே விளக்கினார். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"எனக்கும் அப்படித்தான் ஆச்சு. பினாங்கு அம்மா வீட்டுக்குப் போறப்ப ரெண்டு செக்கப் விட்டுட்டேன். அப்ப நான் டாக்டராகி நாலு வருஷம்."

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். விக்னேஸ்வரன் ஏற்கனவே பேட்டி முடித்துவிட்டு அதே பெஞ்சில் இருந்தான். கதவு திறந்தது. நித்யகல்யாணி என்னைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"உன் பேருதான் போகுது. அந்தப் புகாருக்கு நீயே போய்ப் பதில் சொல்லு. மன்னிப்புக் கேக்கச் சொல்லல. பதில் சொல்லச் சொன்னேன்."

விக்னேஸ்வரன் எழுந்தான். பிறகு கை கொடுத்தான். "அடுத்த வருஷம் நான்தான். நீ வேற எங்கயாச்சும் போய்ச் சண்டை போடு."

வார்டில் நல்லம்மாள் பிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"அத்தை, உங்க வீட்டு விசேஷத்துல அந்த வார்த்தை உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரியும். அதுக்கு வருத்தப்படுறேன். அவள இழுத்துட்டு வந்ததுக்கு வருத்தப்படல."

"இழுத்துட்டு வந்தத நான் எங்க தப்புன்னு சொன்னேன்?" பிளாஸ்க்கைத் திறந்தாள். "அதுக்குத்தான் நன்றின்னு எழுதியிருக்கேனே, படிக்கல? நல்லத நல்லதுன்னு எழுதணும், கெட்டதக் கெட்டதுன்னு எழுதணும்." மைலோவை ஊற்றி என் பக்கம் நீட்டினாள். "பேரு வைக்கிறப்ப வா. வாயத் தொறக்காம வா."

அடுத்த நாளே கிளினிக்கில் ஆரம்பித்துவிட்டேன். முதலில் வந்தது ஏழு மாதப் பெண்ணும் அவள் மாமியாரும். பிரஷர் பார்த்தேன், வயிறு பார்த்தேன், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தேன்.

"வளைகாப்பு எப்ப?"

மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இருபதாந்தேதிங்க டாக்டர்! கண்டிப்பா வரணும். ஒங்களக் கூப்பிடாமலா?"

"நான் வரல," என்றேன். "பத்தொன்பதாந்தேதி நீங்க இங்க வாங்க."