அமுக்குக் காபி

லேத்தில் கடைசல் பிடிக்கிற டர்னரும் அவன் மனைவியும் நிதானமாகப் பார்த்துக்கொள்வது பஸ் நிறுத்தத்தில்தான். விடிந்தும் விடியாமலும் அவன் லேத் பட்டறைக்குக் கிளம்புவான். அதே நேரத்துக்கு அவள் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடிந்து வந்து இறங்குவாள். அவனுடைய பஸ் வரும்வரை இருவரும் தகரக் கூரைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிறவர்கள் புருஷன் பெண்டாட்டி என்று சொல்லமாட்டார்கள். கேஸ் தீரப்போகிறது, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, மகளுக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று இரண்டு வார்த்தை பேசுவதற்குள் இருவருக்கும் கொட்டாவி வந்துவிடும். மாலையில் அவன் வீடு திரும்பும்போது அவள் கிளம்புவதற்காகத் தலைவாரிக்கொண்டிருப்பாள்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பகலில் வீட்டில் ஓர் ஆள் வேண்டுமென்று அவளேதான் இரவு டியூட்டி கேட்டு வாங்கினாள். மகள் இப்போது அம்மாவின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். டியூட்டி மட்டும் மாறவில்லை. மாற்றச் சொல்லிக் கேட்கவும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு காபிக்கடை இருந்தவரை பரவாயில்லை. கடைக்காரர் மூடிவிட்டுப் போனபின் அந்த ஒரு வாய் சூடும் போயிற்று.

"எங்க டியூட்டி டாக்டர் ஒண்ணு வச்சிருக்கார்" என்றாள் அவள் ஒரு நாள், கண்ணை மூடியபடியே. "குட்டி டார்ச் லைட் மாதிரி இருக்கு. உள்ள காபித்தூள் போட்டு, பிளாஸ்க்குலேர்ந்து வெந்நீர் ஊத்தி மேல அமுக்கினா போதும். கரண்டே வேணாம். கெட்டியா, நுரையோட இறங்குது. எஸ்பிரஸோவாம். எனக்கும் ஒரு வாய் குடுத்தார்."

"காபி குடிச்சா வீட்டுக்குப் போய் எப்படித் தூங்குவே?"

"வீட்டுக்குப் போனதும் தூங்கவா விடுறீங்க? பொண்ணை எழுப்பணும், சமைக்கணும், துவைக்கணும். அதுக்கப்புறம் நீங்க ஒரு குடம் காபி குடுத்தாலும் தூங்குவேன்."

அவன் போனில் அந்தச் சாமானின் படத்தைக் காட்டச் சொன்னான். பெரிதாக்கிப் பார்த்தான். ஓர் உருளை, அதற்குள் ஒரு பிஸ்டன், அடியில் துளை போட்ட கிண்ணம். பட்டறையில் அவன் ஆண்டுக்கணக்காகச் செய்துகொண்டிருப்பதும் பம்புக்கான பிஸ்டன்களைத்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாகச் செய்யும். அதனாலேயே வேலை அலுத்துப்போயிருந்தது.

"இதை நானே கடைஞ்சு தர்றேன்" என்றான்.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். "குழாயை முதல்ல சரி பண்ணுங்க" என்றாள்.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் விடமாட்டார் என்பதால் பட்டறை முதலாளிக்கு மைக்ரான் என்று பெயர் வைத்திருந்தார்கள். செருப்பு வாங்கப் போனாலும் சட்டைப்பையில் அளவுக் கருவியோடு போகிறவர் என்று பேச்சு. ஷிப்டு முடிந்தபின் லேத்தைக் கொஞ்சம் ஓட்டிக்கொள்ளட்டுமா என்று டர்னர் கேட்டதும், ஏன் எதற்கு என்று குடைந்து எடுத்துவிட்டு, கழிவுத் துண்டுகள் கிடந்த பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார். "எடுத்துக்கோ. மெஷினைத் துடைச்சு வச்சிட்டுப் போ."

பித்தளையில் செய்தால் வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகும். ஆனால் பட்டறைக்கு வருகிற பித்தளையில் ஈயம் கலந்திருக்கும். அதில் வெந்நீர் ஊற்றிப் பெண்டாட்டிக்குக் கொடுப்பதா? எவர்சில்வர் தண்டு ஒன்றை எடுத்து லேத்தில் கவ்வக் கொடுத்தான். எவர்சில்வர் லேசில் வழிக்கு வராது. கொஞ்சம் தயங்கித் தேய்த்தால் சூடேறி இன்னும் இறுகிக்கொள்ளும். அழுத்திக் குடைந்தால் உள்சுவரில் வரி விழும். வரி விழுந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பிய்ந்து தண்ணீர் பக்கவாட்டில் பீறிடும். முதல் உருளை அப்படித்தான் குப்பைக்குப் போயிற்று. இரண்டாவதை மெதுவாக, எண்ணெய் விட்டு விட்டுக் குடைந்தான். இரண்டு பேருக்கும் ஒரே அமுக்கில் காபி இறங்கட்டும் என்று உள்விட்டத்தைத் தாராளமாகவே வைத்தான்.

பிராணனை வாங்கியது அடிக்கிண்ணம்தான். ஊசி மாதிரியான டிரில்லால் நெருக்க நெருக்கத் துளை போடவேண்டும். மூச்சு விட்டால்கூட ஒடிந்தது. ஒடிந்த முனை துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. மைக்ரான் எட்டிப் பார்த்து, "இது காபி வடிகட்டியா, இல்ல டிரில்லுக்கெல்லாம் கல்லறையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உடம்பு அசந்துபோயிருந்தாலும் அந்த மாலைகளில் அவனுக்கு வீட்டு நினைவு வரவில்லை. தாமதமாக வீடு சேருவான். அவள் அதற்குள் கிளம்பியிருப்பாள். முன்பு கதவருகே "வர்றேங்க", "பார்த்துப் போ" என்று இருந்த பேச்சும் நின்றுபோனது. அது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. மகள்தான், "அம்மாவுக்காகத்தானே செய்யறீங்க? அம்மாவைப் பார்க்கவே மாட்டேங்கறீங்களே" என்றாள். சாமானுக்கு அமுக்குக் காபி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

பட்டறையிலேயே வெள்ளோட்டம் நடந்தது. தூள் பெரிதாக இருந்தபோது வெந்நீர் அப்படியே ஓடி வந்து சாயத்தண்ணீர் மாதிரி விழுந்தது. மாவாக அரைத்துப் போட்டால் பிஸ்டன் அசைய மறுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் கிடைத்தபோது டர்னர் சாமானை மேசையில் நிறுத்தி, உடம்பின் பாரத்தையெல்லாம் இரண்டு கைகளிலும் இறக்கி அமுக்கினான். கறுப்பாக, நூல் மாதிரி இறங்கி, மேலே பழுப்பு நுரை கட்டியது. மைக்ரான் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். பிறகு இன்னொரு வாய் குடித்தார். "கசப்பு. ஆனா சரியான கசப்பு" என்றார். டர்னருக்கு அன்று வந்த சிரிப்பு வீடு போகும்வரை முகத்தில் இருந்தது.

மறுநாள் விடியலில் பிளாஸ்க், தூள் டப்பா, இரண்டு சின்னக் கோப்பைகள் சகிதம் நிறுத்தத்தில் அவளுக்காகக் காத்திருந்தான். அவள் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "அட, நிஜமாவே செஞ்சிட்டீங்களா!" என்றாள். அவள் முகம் மலர்ந்து பார்த்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

தூள் போட்டு, வெந்நீர் ஊற்றி, சிமெண்டு பெஞ்சில் நிறுத்தினான். "நீதான் முதல்ல அமுக்கணும்."

"நீங்களே அமுக்குங்க."

"உனக்காகச் செஞ்சது. சும்மா அமுக்கு."

அவள் வலது கையை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டு இடது கையை வைத்தாள். பிஸ்டன் நகரவில்லை.

"வார்டுல ஆளையே தூக்கிப் படுக்க வைக்கிறவ, இதை அமுக்க முடியலையா?" என்று சிரித்தான் அவன்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் வைத்து ஊன்றினாள். "அம்மா" என்றொரு சத்தம் வந்தது. கை விலக, சாமான் சாய்ந்து உருண்டது. வெந்நீரும் தூளும் பெஞ்செல்லாம் வழிந்தன. அவள் வலது கையை மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.

"சுட்டுடுச்சா? காட்டு."

"ஒண்ணுமில்ல. விடுங்க."

அவன் அவள் கையைப் பிடித்து ஸ்வெட்டரின் கையை மேலே தள்ளினான். மணிக்கட்டில் இறுக்கமாகத் துணிப்பட்டை சுற்றியிருந்தது. கட்டை விரலின் அடிப்பக்கம் வீங்கிப் பளபளவென்றிருந்தது.

"இது எப்பலேர்ந்து?"

"மழைக்காலத்துக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லலை?"

"எப்ப சொல்ல?" அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவன் தாங்கிக்கொண்டிருப்பான். "நீங்க வரும்போது நான் போறேன், நான் வரும்போது நீங்க போறீங்க. அப்புறம் நீங்க இந்த வேலையில உட்கார்ந்துட்டீங்க. பாதி நாள் ஒத்தை ஆளா நோயாளியைப் புரட்டிப் போடுறேன். கை போகாம என்ன பண்ணும்?"

அப்போது பஸ் வந்தது. ஏறாமல் நின்றிருக்கவேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்தான். ஆனால் கால் பழக்கதோஷத்தில் ஏறிவிட்டது. கண்ணாடி வழியே பார்த்தபோது அவள் இடது கையால் கோப்பைகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று பட்டறையில் ஒரு பிஸ்டனும் அளவுக்கு வரவில்லை. மைக்ரான் ஒன்றை எடுத்து அளந்தார், இன்னொன்றை அளந்தார், லேத்தை நிறுத்தினார். "என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

டர்னர் நடந்ததைச் சொன்னான்.

மைக்ரான் அளவுக் கருவியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பிறகு, "விட்டத்தைப் பாதியாக்கினா கால் பங்கு பலம் போதும். உனக்குத் தெரியாததா?" என்றார். "அது மெஷினுக்கு. அவங்க கைக்கு என்ன பண்ணப் போறே?"

டர்னர் அளவு தப்பிய பிஸ்டனை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டான்.

"வீட்டுக்குப் போ. நாளைக்கும் வராதே."

அவன் போனபோது அவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாதி நறுக்கிய காய்கறி இருந்தது. அவன் கத்தியை எடுத்து மீதியை நறுக்கினான். விழித்துப் பார்த்தவள், "வேலையை விட்டு நிறுத்திட்டாங்களா?" என்று பதறினாள்.

மறுநாள் இருவரும் எலும்பு டாக்டரிடம் போனார்கள். அவள் வேலை செய்யும் அதே கட்டடம்தான், அவள் வார்டுக்கு இரண்டு மாடி கீழே. இத்தனை நாளும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தாள். டாக்டர் விரலை மடக்கச் சொல்லி மணிக்கட்டைச் சாய்த்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தசைநார் வீக்கம் என்றார். கட்டை விரலை அசைக்காதபடி பட்டை போட்டார். ஆளைத் தூக்கக்கூடாது, பிழியக்கூடாது, இல்லாவிட்டால் கத்தி வைக்கவேண்டி வரும் என்றார். அந்தச் சீட்டோடு தலைமை நர்ஸிடம் போனபோது டர்னர் கூடவே போனான். பேசத்தான் போனான். ஆனால் பேசியதெல்லாம் அவள்தான். உரத்துப் பேசவில்லை, உட்காரவும் இல்லை. "என் கை நல்லா இருந்தவரைக்கும் நான் எதுவும் கேக்கலை, மேடம்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். தலைமை நர்ஸ் பெருமூச்சு விட்டு, வெளிநோயாளிகள் பிரிவில் பகல் டியூட்டி போட்டார். கை ஆறும்வரைக்கும்தான், அதற்குமேல் உறுதி சொல்லமுடியாது என்றார்.

துவைப்பது டர்னர் தலையில் விழுந்தது. சமையல் மகளுக்கும் அவனுக்கும் பாதிப் பாதி. ஒரு விடுமுறை நாளில் குழாயையும் சரிசெய்தான். கடைசியாகத்தான் காபிச் சாமானை மறுபடி லேத்தில் ஏற்றினான். இந்தத் தடவை விட்டம் ஒடுக்கம், உருளை நீளம். இரண்டு பக்கமும் மடக்கி விரிக்கிற கைகள் வைத்தான். விரலும் மணிக்கட்டும் வேண்டாம், முன்கையை வைத்து லேசாகச் சாய்ந்தால் போதும். எப்படிச் சாய்வாள், எந்த உயரம் தோதுப்படும் என்று ஒவ்வொன்றுக்கும் அவளைக் கேட்டுக் கேட்டுச் செய்தான். "இதுக்கு நீங்க பேசாம இருந்த காலமே தேவலாம்" என்றாள் அவள்.

ஒரு மாலை, இருவரும் வேலை முடிந்து வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பட்டை போட்ட கட்டை விரல் படாதபடி விலக்கிக்கொண்டு, முன்கைகளைச் சாய்த்தாள். காபி சத்தமில்லாமல் இறங்கியது. ஒரு கோப்பைக்குத்தான் வந்தது. அதையே மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குன்னு சொல்லவா, நெஜத்தைச் சொல்லவா?"

"ரெண்டையும் சொல்லு."

"தூள் சரியில்ல" என்றாள். பிறகு, "உங்களுக்கு உடம்புல எங்கயாவது வலி இருக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

அவள் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கோப்பையைச் சுழற்றினான். "இடது காதுதான் கொஞ்சம்... மெஷின் சத்தமோ என்னவோ. அந்தப் பக்கம் நின்னு பேசினா பாதிதான் கேக்குது."

"ஓஹோ. அதான் நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டே இருக்கீங்களா?"

"அதுல பாதி கேட்டுத்தான் ஆட்டுறேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். எழுந்து போன் விளக்கைப் போட்டு, அவன் தலையை இடது கையால் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காதுக்குள் பார்த்தாள். "காது டாக்டர் எந்தக் கிழமை வர்றார்னு கேட்டுட்டு வர்றேன்" என்றாள். அவன் சரி என்றான். அவள் கை காதின் மேல் இருக்க, அப்படியே மேசையில் தலை சாய்த்தவன் தூங்கிப்போனான். அவள் கோப்பையின் அடியில் இருந்ததைக் குடித்து முடித்துவிட்டு, சாமானை ஒரே கையால் கழற்றிக் கழுவப் போனாள்.