வியாழக்கிழமை வரைக்கும் ஒரு தாடி

நவரத்தினத்தின் தலையில் முடி கிடையாது. முப்பது வயதிலேயே அது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அதனால் அவருடைய முகத்தில் எது முளைத்தாலும் ஊருக்கே தெரியும். ஏப்ரல் மூன்றாம் கிழமை அவர் சவரம் செய்வதை நிறுத்தியபோது, ஷார்ஜா ரோலாவில் அவர் குடியிருந்த கட்டடத்துக் காவலாளி முதல், துபாய் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரான காதர் மைதீன் வரைக்கும் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். உண்மையான காரணம் ஒருவருக்கும் பிடிபடவில்லை. நாற்பத்துநாலு வயது மனுசன், கொம்பனிக் கடிதங்களுக்கெல்லாம் நம்பர் போட்டு அடுக்கி வைக்கிற பொறுப்பான உத்தியோகத்தர், கனடாவில் பனிக்கட்டி மேல் சறுக்கிச் சறுக்கி அடிபடுகிற ஓர் அணிக்காகத் தாடி வளர்க்கிறார் என்று யாருக்குத்தான் தோன்றும்?

ஐஸ் ஹொக்கியில் அப்படியொரு வழக்கம் உண்டு. கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றுகள் தொடங்கிவிட்டால் ஆட்டக்காரர்கள் சவரம் செய்ய மாட்டார்கள். அணி வெளியேறும் நாளில்தான் முகத்தில் கத்தி படும். ரசிகர்களும் அப்படியே. நவரத்தினத்தின் தம்பி ரஜிதன் பதினேழு வயதில் அகதியாக ரொறன்ரோவில் போய் இறங்கியவன். குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்தபோது தொலைக்காட்சியில் இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பைத்தியமானான். பிறகு அந்தப் பைத்தியத்தைத் தொலைபேசி வழியாக அண்ணருக்கும் ஏற்றிவிட்டான்.

இருபத்தைந்து வருடத்தில் சகோதரர்கள் நேரில் சந்தித்தது இரண்டே தரம். இரண்டும் செத்தவீடு. அம்மாவும் அப்பாவும் போனபிறகு, ஊர்க்காணியும் கைமாறியபிறகு, இருவருக்கும் கதைக்க வேறு விஷயமே இருக்கவில்லை. ரொறன்ரோ அணி ஒன்றுதான் இருந்தது. அது வருடா வருடம் நம்பிக்கை கொடுத்து வருடா வருடம் தோற்றது. தோற்ற அன்று இருவரும் வீடியோ காலில் எதிரெதிரே நின்று தாடியை வழிப்பார்கள். பதினொரு வருடமாக இதில் ஒரு தவறும் நடந்ததில்லை.

துஷானிக்கு இந்தத் தாடிக் கதை தெரியாது. கலியாணமாகி இரண்டு வருடம்தான். போன வருடம் இந்த மாதங்களில் அவள் யாழ்ப்பாணத்தில் நின்றாள். விடியப்புறத்தில் அவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மச் பார்ப்பது தெரியும். தாடியைப் பற்றிச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை அன்றைக்கே விழுங்கியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

தாடிக்கு நாலு நாள் ஆகியிருந்தபோது ஊரிலிருந்து செய்தி வந்தது. துஷானியின் அப்பா வைரவநாதரின் இதயத்தில் மூன்று அடைப்பு. பைபாஸ் செய்தேயாக வேண்டும் என்று டொக்டர்மார் சொன்னார்கள். மனுசன் மாட்டேன் என்றுவிட்டார். முப்பது வருடம் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஊரையே மிரட்டியவர், நெஞ்சைப் பிளப்பார்கள் என்றதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழும்பவில்லை. துஷானி ரோலாவில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் சேர்ந்து மூன்று மாதமாகவில்லை. ஊருக்குப் போக லீவு கேட்டால் வேலையே போய்விடும். சமைக்கும்போதும் அழுதாள், பஸ்ஸிலும் அழுதாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தவள், அப்படியே நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா, அப்பாவுக்காக நேர்த்தி வைச்சிருக்கிறீங்களோ?"

அவள் கண் நிறைந்திருந்தது. நவரத்தினம் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். வெற்றிலைத் தட்டு மாற்றுகிற அன்று, "இந்த மொட்டைக்கோ என்ர பிள்ளையைக் குடுக்கிறது?" என்று சபையிலேயே கேட்ட மாமனுக்காக இல்லை, ஒரு விளையாட்டுக்காக என்று அந்தக் கண்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"ம்" என்றார்.

அந்த ஓரெழுத்துக்கு என்ன வேகம் என்கிறீர்கள்! அரைமணித்தியாலத்தில் அது யாழ்ப்பாணத்தில் இருந்தது. அன்று மாலையே வைரவநாதர் வீடியோவில் வந்தார். அவர் மருமகனோடு தானாகக் கதைக்க வந்தது அதுதான் முதல்தரம்.

"தம்பி, கிட்ட வாரும் பாப்பம்."

நவரத்தினம் போனுக்குக் கிட்டப் போனார். கிழவர் நெடுநேரம் அந்தத் தாடியைப் பார்த்தார்.

"என்ர பெடியனே எனக்கு ஒரு நேர்த்தி வைக்கேல்லை. நான் உம்மை எவ்வளவு பேசினனான். நீர் அந்த வெய்யிலுக்கை எனக்காகத் தாடியோட திரியிறீர், நான் இஞ்ச பயந்து படுத்துக் கிடக்கிறதோ? ஒப்பரேஷனுக்கு ஓமெண்டு சொல்லப்போறன்."

திகதி குறித்தார்கள். மே இருபத்திரண்டு, வியாழக்கிழமை. அதுவரைக்கும் தாடி நிற்க வேண்டும். திகதி குறித்த அன்று நவரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. துஷானி அதையும் விரதம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு, நவரத்தினம் டியூட்டிக்குப் புறப்படும் முன், வைரவநாதர் எடுப்பார். மகளிடம் சுகம் கேட்பார். பிறகு, "தம்பியைக் காட்டு" என்பார். தாடியைப் பார்த்துவிட்டு, "வந்திட்டுது, வந்திட்டுது" என்று தலையாட்டிவிட்டு வைப்பார். மருந்தைப்போல அதையும் நேரம் தவறாமல் எடுத்துக்கொண்டார் கிழவர்.

ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டத்தில் நாலை வெல்கிற அணிதான் மேலே போகும். ரொறன்ரோ முதல் சுற்றை வென்றது. வழக்கமாக அந்தச் சுற்றிலேயே மண்கவ்வுகிற அணி, இந்தத் தரம் ஆறாவது ஆட்டத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு வந்தது. இரண்டாம் சுற்றில் முதல் இரண்டு ஆட்டமும் வெற்றி. ரஜிதன் அங்கே தெருவில் இறங்கி ஆடினானாம். இங்கே நவரத்தினம் கலண்டரைப் பார்த்தார். இந்தச் சுற்றைத் தாண்டிவிட்டால் போதும், அடுத்த சுற்று முடிய மே கடைசியாகிவிடும். அணி உள்ளே இருந்தால் தாடியும் இருக்கும், தாடி இருந்தால் மாமா ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போவார். தம்பிக்கும் துரோகம் இல்லை, மனைவிக்கும் பொய் இல்லை என்று அவர் ஒரு கணக்குப் போட்டார். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

மூன்றாவது ஆட்டம் ஓவர்டைமில் கைவிட்டுப் போனது. நாலாவதும் போனது. ஐந்தாவதில் வாங்கிக்கட்டியதைச் சொல்லவே கூடாது. நவரத்தினம் சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றார். பக்கத்தில் துஷானியும் வந்து நின்று கண்ணை மூடினாள். அவள் கேட்டது அப்பாவின் உயிரை. இவர் கேட்டது ஆறாவது ஆட்டத்தை. கேட்டுமுடித்துக் கண்ணைத் திறந்தபோது அவள் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆறாவது ஆட்டத்தில் வென்றார்கள். ஏழாவது ஆட்டம் திங்கட்கிழமை விடியப்புறம் மூன்றரைக்கு. வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு.

நீலச் சட்டையை மாட்டினார். ரஜிதன் அனுப்பிய சட்டை அது, நெஞ்சில் வெள்ளையாக மேப்பிள் இலை. தாடியும் சட்டையுமாக ஒரு செல்ஃபி எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். பிறகு ஹோலில் இருட்டில் உட்கார்ந்து லப்டொப்பைத் திறந்தார். முதல் பகுதியில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அதற்குப்பிறகு எல்லாம் சரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ரொறன்ரோ ஒன்று போட்டது, மற்றவர்கள் மேலும் மூன்று போட்டார்கள். ஆறுக்கு ஒன்று. சொந்த மண்ணில் சனம் தங்கள் சட்டைகளைக் கழற்றிப் பனிக்கட்டி மேல் எறிந்தது.

வெளியே விடிந்துவிட்டது. போன் அதிர்ந்தது. ரஜிதன் தன் வீட்டுக் குளியலறையில் நின்றுகொண்டிருந்தான். முகம் வீங்கியிருந்தது.

"முடிஞ்சுது அண்ணை."

"ஓமடா."

"இந்தமுறை அப்பாவை நினைச்சனான் அண்ணை. ஒருமுறையாவது வெண்டிருக்கலாம். என்ர தலைவிதி." அவன் விம்மினான். "வாங்கோ, எடுப்பம்."

நாற்பத்திரண்டு வயதுத் தம்பி ஏங்கி ஏங்கி அழுவதைப் பார்த்துக்கொண்டே நவரத்தினம் குளியலறைக்குள் போனார். போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்தார். தட்டிலிருந்து மெஷினை எடுத்தார். தம்பி கையை உயர்த்த, இவரும் உயர்த்தினார். பதினொரு வருடப் பழக்கம், கை தன்பாட்டில் போனது. வலது காதடியிலிருந்து நாடி வரைக்கும் ஒரே இழுப்பு.

நரைத்த மயிர்க்கொத்து வாஷ்பேசினில் விழுந்தபோதுதான் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.

"ஐயோ" என்றார். கன்னத்தில் ஒரு தெரு போட்டதுபோல் வெள்ளைக்கோடு. அதை எந்தப் பிளாஸ்டர் போட்டும் மறைக்க முடியாது. பாதித் தாடியோடு நிற்கவும் முடியாது. ரஜிதன் அங்கே தன் பாட்டுக்கு வழித்துக்கொண்டிருந்தான். இவர் ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மற்றதையும் வழித்தார். முகம் கழுவினார். தம்பியின் அழுகையும் தன்னுடைய பயமும் சேர்ந்து கண் சிவந்திருந்தது. போனைக் கையில் பிடித்தபடி கதவைத் திறந்தார்.

வெளியே துஷானி நின்றாள்.

மழித்த முகம், சிவந்த கண், கையில் போன், காலை ஆறரை மணி. நேர்த்தித் தாடி வைத்த மனுசன், நேர்த்தி முடியும் முன்னம் முகத்தை மழிக்கிறார் என்றால் எங்கள் சனத்துக்கு அதன் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். செத்தவீட்டுக்குத்தான் அப்படி மழிப்பார்கள். துஷானி, "அப்பா!" என்று கத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். தலையில் அடித்தாள்.

"இல்லையப்பா, இல்லை! மாமா இருக்கிறார்! ஒண்டும் நடக்கேல்லை!"

"பொய் சொல்லாதேங்கோ! எப்ப போனவர்? எனக்கேன் சொல்லேல்லை?"

எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. அவரே ஊரிலிருக்கிற துஷானியின் தம்பியின் நம்பருக்கு அடித்து, போனை அவள் காதில் வைத்துப் பிடித்தார். அந்தப் பக்கம் வைரவநாதரின் குரலே கேட்டது. இடியப்பத்துக்குச் சொதி தண்ணியாக இருக்கிறதென்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். துஷானி கதைக்காமல் போனை வைத்தாள். நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள், பிறகு அவருடைய நீலச் சட்டையைப் பார்த்தாள்.

"பிறகேன் வழிச்சனீங்கள்?"

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். பிளேஓஃப், தம்பி, பதினொரு வருடம், அந்த "ம்". சொல்லச் சொல்ல அவருக்கே அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்பதை நான் எழுதித்தான் தெரியவேண்டுமென்றில்லை. துஷானி கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். எழும்பிப் போய் முகம் கழுவினாள், தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தாள். ஒரு கோப்பைக்கு மட்டும்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. துஷானி சோபாவில் உட்கார்ந்து எடுத்தாள்.

"என்ன பிள்ளை, எடுத்திட்டு வைச்சிட்டாய்? தம்பியைக் காட்டு."

நவரத்தினம் அவளுக்கு எதிரே சுவரோடு ஒட்டி நின்றார்.

"அவர் இண்டைக்கு வெள்ளெனவே டியூட்டிக்குப் போட்டார் அப்பா."

"தாடி?"

அவள் தலை நிமிர்ந்து அவருடைய வழித்த கன்னத்தை நேராகப் பார்த்தாள்.

"நல்லா வளந்திட்டுது அப்பா" என்றாள்.

செவ்வாய் காலை, லைன் சரியில்லை என்றாள். புதன் காலை, கோயிலுக்குப் போய்விட்டார் என்றாள். ஒவ்வொரு தரமும் நவரத்தினம் அதே சுவரோடு நின்றார். அவரை நிற்கச் சொன்னது யாருமில்லை. பொய்யே சொல்லத் தெரியாத பெண், பொய் சொன்னால் காது சிவந்துவிடுகிற பெண், தன் அப்பாவிடம், நெஞ்சைப் பிளக்கப்போகிறவரிடம், தனக்காகப் பொய் சொல்வதைக் கேட்காமல் டியூட்டிக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. மூன்று நாளில் அவரிடம் அவள் பேசியது, "சோறு இருக்கு" என்ற இரண்டு சொல்தான்.

வியாழக்கிழமை ஒப்பரேஷன் ஆறு மணித்தியாலம் நடந்தது. இருவரும் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். பின்னேரம் துஷானியின் தம்பி எடுத்து, எல்லாம் சரி என்றான். துஷானி சாமிப்படத்துக்கு முன்னால் போய் விழுந்து அழுதாள். நவரத்தினம் பின்னால் நின்றார். இந்தத் தரம் அவர் ஒரு விளையாட்டையும் கேட்கவில்லை, ஆனால் கிட்டப் போகத் துணிவில்லை.

சனிக்கிழமை கிழவர் கதைத்தார். குரல் நூல்போல இருந்தது. துஷானி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பிக்குச் சொல்லு பிள்ளை, நேர்த்தி பலிச்சிட்டுது. இனித் தாடியை எடுக்கலாம் எண்டு சொல்லு."

"ஓமப்பா."

"எடுக்க முன்னம் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லு. வடிவா, தாடியோட."

நவரத்தினம் தாடையைத் தடவினார். ஐந்து நாள் முள் குத்தியது. துஷானி கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார். தாடியோடு இருந்தது ஒரே ஒரு படம். திங்கட்கிழமை விடியப்புறம், நீலச் சட்டையும் வெள்ளை இலையுமாக, அணி வெல்லும் என்ற நம்பிக்கையில் பல்லைக் காட்டிக்கொண்டு எடுத்தது. அவள் அதைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அப்பாவுக்கு அனுப்பிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இனி வழியுங்கோ" என்றாள். "அவர் சொல்லிப்போட்டார்."

அவர் அன்று வழிக்கவில்லை. அடுத்த நாளும் வழிக்கவில்லை. எத்தனை நாள் வளர்த்தால் கணக்குச் சரியாகும் என்று யாரிடம் கேட்பது?

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவருடைய போன் அடித்தது. மாமாவின் நம்பர். வைரவநாதர் தன்னுடைய வட்ஸ்அப்பில் இருந்த தன் படத்தை நீக்கிவிட்டு வேறு படம் போட்டிருந்தார். திரை நிறைய நவரத்தினமே சிரித்துக்கொண்டிருந்தார், தாடியோடு, ரொறன்ரோ சட்டையோடு. ஆஸ்பத்திரியில் வந்துபோகிற தாதிமாருக்கெல்லாம் கிழவர் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறாராம், இந்தப் பிள்ளைதான் என்னைக் காப்பாற்றினது என்று.

அடுப்படியில் துஷானி கையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தாள். போன் அடித்துக்கொண்டிருந்தது. நவரத்தினம் திரையில் சிரிக்கிற அந்த முகத்தைப் பார்த்தபடியே எடுத்தார்.

"சொல்லுங்கோ மாமா."