எண்ணெய்க் கட்டிலின் உயரம்

பிசைந்த மாவு பதமாக வந்திருக்கிறதா என்று பார்க்க உளுந்தக்கா முதலில் தன் காது மடலைத் தொட்டுப் பார்ப்பாள், பிறகு மாவை. இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கொஞ்சம் இறுகினால் முதுகில் ஒட்டாது. கொஞ்சம் இளகினால் எண்ணெயின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். பதினோரு வருடமாக நோயாளிகளின் இடுப்பில் சூட்டெண்ணெய் தேங்கி நிற்க உளுந்து மாவால் வரப்பு கட்டுகிறவள். அவளுடைய சொந்தப் பெயர் அந்த ஆயுர்வேத மருத்துவமனையின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

அன்று கட்டிலில் குப்புறக் கிடந்தவர் ஒரு தச்சர். ஐம்பத்தைந்து வயது. இடுப்பில் ஒரு டிஸ்க் பிதுங்கி, இடது காலுக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தில் இருந்த வட்டத் துளையில் முகத்தை வைத்திருந்தார்.

"சாப்பிடற சாமானைக் கொண்டாந்து முதுகுல ஒட்டறீங்களே தங்கச்சி, எறும்பு வராதா?"

"வந்தா அதுக்குத் தனி வைத்தியம் இருக்கு அண்ணே. இப்ப இருமுங்க."

இருமினார். வரப்பு கட்டியதும் எண்ணெய் ஊற்றுவதற்கு முன் எல்லோரையும் இருமச் சொல்வது அவளாகக் கண்டுபிடித்த முறை. முதுகு ஒரு குலுங்கு குலுங்கும். மாவு எங்கே வாய் திறக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். இடப்பக்கம் மயிரிழை அளவு திறந்தது. விரலைத் தண்ணீரில் நனைத்து அந்த இடத்தை இழைத்து மூடினாள்.

எண்ணெயை அவள் நேராக அடுப்பில் காட்டுவதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை இறக்கி வைப்பாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, நடுமுதுகில் கொட்டாமல் வரப்பின் உள்சுவரோடு வழியவிடுவாள். சூடு பட்டு முதுகு திடுக்கிடக் கூடாது. திடுக்கிட்டால் தசை இன்னும் இறுகிக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் எண்ணெய் ஆறும். பஞ்சால் ஒற்றி எடுத்துப் பிழிந்துவிட்டு, சூடானதை மறுபடி ஊற்ற வேண்டும். இப்படியே நாற்பது நிமிடம்.

"எண்ணெய் உள்ள போய் டிஸ்க்கைத் தூக்கி வெக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க," என்று டாக்டரம்மா முதல் நாளே தச்சரிடம் சொல்லியிருந்தார். "வலிக்குப் பயந்து சுத்தி இருக்கற தசையெல்லாம் கல்லாப் போயிருக்கு. அதை இளக்கறோம். இளகினா நடப்பீங்க, பயிற்சி செய்வீங்க. மத்ததை உடம்பு தானாப் பாத்துக்கும், மெதுவா. ஆனா கால் பெருவிரலைத் தூக்க முடியாமப் போச்சுன்னாலோ, சிறுநீர் போறது தெரியாமப் போச்சுன்னாலோ அன்னிக்கே அறுவை சிகிச்சை டாக்டர்கிட்ட ஓடிடணும். என்கிட்ட வந்து உக்காந்திருக்கக் கூடாது."

தன்னால் முடியாததை முதலிலேயே சொல்லிவிடுகிற இந்த வைத்தியத்தின் மேல் உளுந்தக்காவுக்குத் தனி மரியாதை. அதனால்தான் தன் விஷயத்தை அவரிடம் மறைப்பது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

ஏழு மாதமாக அவளுக்கே இடுப்பில் வலி. ஒரு நாளைக்கு ஐந்து முதுகு, ஒவ்வொன்றுக்கும் எட்டுத் தடவை குனிய வேண்டும். வலி பிட்டத்தில் கிளம்பி வலது கெண்டைக்கால் வரை மின்சாரமாக இறங்கும். வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அவளுக்கு முன் இந்த அறையில் இருந்தவளுக்கு முதுகு போனதும் பின்கட்டில் சூரணம் பொட்டலம் கட்ட அனுப்பிவிட்டார் டாக்டரம்மா. போனவள் திரும்பி வரவே இல்லை. கல்லாக வந்த முதுகு தன் கைக்கடியில் இளகுவதைப் பார்க்காத ஒரு நாளை உளுந்தக்காவால் நினைக்க முடியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி," என்றது கட்டிலுக்குக் கீழே இருந்து குரல். "உங்களுக்கு எத்தனை நாளா?"

"எது அண்ணே?"

"எட்டு நாளா இந்த ஓட்டை வழியா உங்க காலு ரெண்டையும்தான் பாத்துட்டிருக்கேன், வேற என்ன தெரியுது? குனியறப்பல்லாம் வலது குதிகால் தரையை விட்டு எழும்புது. நிமிந்ததும் கீழ்ச்சட்டத்து மேல அந்தக் காலைத் தூக்கி வெச்சுக்கறீங்க. நானும் பட்டறையில ஒரு வருஷம் அப்படித்தான் நின்னேன். என் பொண்டாட்டிகிட்டகூட ஸ்டைலுன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

அவள் பஞ்சைப் பிழிந்தாள்.

"கையைச் சும்மா தொங்கப் போடுங்க. விரல் முட்டி கட்டில்ல படுதா?"

தொங்கப் போட்டுப் பார்த்தாள். முட்டிக்கும் கட்டில் விளிம்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது.

"நின்னு செய்யற வேலைக்கு முட்டி படற உயரம்தான் கணக்கு. இந்தக் கட்டில் உங்களுக்குச் செஞ்சதில்ல. யாரோ குள்ளமானவங்களுக்குச் செஞ்சது."

உண்மைதான். முன்னவள் இவள் தோளுக்குத்தான் வருவாள். பதினோரு வருடம் இதே கட்டிலில் அளந்து அளந்து மாவு வைத்தவளுக்கு, கட்டிலையும் அளக்கலாம் என்று தோன்றவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். முகம் புதைந்து கிடந்த மனிதர், இரண்டு பாதங்களை மட்டும் வைத்து அவள் உடம்பு முழுவதையும் படித்திருந்தார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட ஆச்சரியமாக இருந்தது.

"கட்டில் காலுக்கடியில நாலு கட்டை வெச்சா முடிஞ்சுது. அறுத்துத் தரேன்," என்றார். "ஆனா எதுக்குன்னு டாக்டரம்மா கேப்பாங்க. அதை நீங்கதான் சொல்லணும். நான் வாயத் திறக்க மாட்டேன்."

சிகிச்சை முடிந்ததும் டாக்டரம்மா வந்தார். தச்சரை மல்லாக்கப் படுக்கவைத்து இடது காலை முட்டி மடக்காமல் தூக்கினார். முதல் நாள் ஒரு சாண் எழும்பியதும் கத்தியவர் இன்று இரண்டரைச் சாண் வரை பேசாமல் இருந்தார். கால் பெருவிரலும் அழுத்திய கையை எதிர்த்து நின்றது.

"நல்லா இளகியிருக்கு," என்றார் டாக்டரம்மா, உளுந்தக்காவைப் பார்த்து. "உன் கைக்கு ஈடா வேற கை இல்ல."

இந்தப் பாராட்டு வராமல் இருந்திருந்தால் அவள் இன்னும் ஒரு மாதம் மறைத்திருப்பாள். தச்சர் விட்டத்தைப் பார்த்தபடி சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, எனக்கும் இடுப்பு வலிக்குது. ஏழு மாசமா."

டாக்டரம்மா கட்டிலைக் காட்டினார். தச்சர் வெளியே போனதும் அவள் கால்களைத் தூக்கிப் பார்த்தார், பெருவிரலை அழுத்திப் பார்த்தார், குதிகாலில் நடக்கச் சொன்னார்.

"பலம் குறையல. தப்பிச்ச. ஏழு மாசம் என்கிட்டயே முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்க."

"பொட்டலம் கட்ட அனுப்பிடுவீங்கன்னு..."

"அவளும் இப்படித்தான் மறைச்சா. ஒரு நாள் வலி வெட்டிக் கை உதறி, சூட்டெண்ணெய் ஒரு பெரியவர் தோள்ல கொட்டிடுச்சு. அதுக்கப்புறம் அவளே இந்த அறைக்கு வர மாட்டேன்னுட்டா." ஒரு சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். "மூணு வாரம் நீ குனியக் கூடாது. உனக்கும் வரப்பு கட்டணும், பயிற்சி செய்யணும்."

"அப்ப தச்சரண்ணனுக்கு? இன்னும் ஆறு நாள் இருக்கே."

"நான் எதுக்கு இருக்கேன்?"

மறுநாள் காலை தச்சரின் மைத்துனர் நாலு கட்டைகளைக் கொண்டுவந்து கட்டிலை ஏற்றி வைத்தார். ஒவ்வொன்றிலும் கால் வழுக்காமல் உட்காரக் குழி செதுக்கியிருந்தது. உளுந்தக்கா முதுகுக்குத் தலையணை வைத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா மாவு பிசைந்தார்.

"இன்னும் பிசையுங்க டாக்டரம்மா. ஒட்டாது."

பிசைந்தார். வரப்பு கட்டினார். தச்சர் சொல்லாமலே இருமினார். இரண்டு இடத்தில் வாய் திறந்தது. விரலை நனைத்து மூடச் சொன்னாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்த டாக்டரம்மாவுக்குக் கட்டிலில் கிடந்த முதுகு வயிற்றுக்கு மேலே நின்றது. முழங்கையைச் சிறகு மாதிரி விரித்து, எக்கித்தான் ஊற்ற வேண்டியிருந்தது. அவரும் குள்ளம்.

உளுந்தக்கா தயங்கினாள். "கட்டையை எடுத்துடச் சொல்லவா? மூணு வாரம்தானே."

"வேணாம்," என்றார் டாக்டரம்மா, எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல். "கட்டில் இதே உயரத்துல இருக்கட்டும். எனக்கு நிக்க ஒரு பலகை கொண்டா... நீ இல்ல, உக்காரு. அவர் மைத்துனரைக் கூப்பிடு."