சீட்டு வரும்வரை

கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ணினாள். பெட்டி அணைந்தது. மறுபடி போட்டாள். கறுப்புத் திரையில் அதே வட்டம் சுற்றியது. மறுபடி அழுத்தினாள். மூன்று தடவை இப்படிக் கழுத்தை நெரித்தால்தான் வாயைத் திறக்கும். ரிப்பேர் கடையில் நாலு வருஷமாகப் பார்த்துவிட்டாள்.

"கெட்டுப் போயிடாதுல்ல?" என்றார் பிணவறை குமாஸ்தா.

"இனிமே கெடறதுக்கு என்ன சார் இருக்கு? அப்டேட் போட்டது யாரு?"

"அதுவா கேட்டுச்சும்மா. நேத்து சாயங்காலம் சரின்னு அமுக்கிட்டுப் போனேன்."

விடிகாலையில் செத்துப்போன அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் குளிர்ப்பெட்டியில் கிடந்தார். சீட்டு இல்லாமல் உடம்பை வெளியே விடமாட்டார்கள். கையால் எழுதித் தரும்படி சித்தப்பா கெஞ்சிப் பார்த்தார். நம்பர் இல்லாத சீட்டு கேட்டைத் தாண்டாது, நம்பரை இந்தப் பெட்டிதான் போடும் என்று சொல்லிவிட்டார் குமாஸ்தா. "நான் பாக்கட்டுமா, எனக்கு இதுதான் வேலை" என்று அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

திரை நீலமானது. கடைசி அப்டேட்டை நீக்கச் சொல்லித் தட்டினாள். முப்பது சதவீதத்தில் வந்து நின்றது நின்றதுதான்.

சித்தப்பா கவுண்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்னடி, வண்டி மேடு ஏறலையா?"

"ஏறும். தள்ளாதீங்க."

"உங்கம்மா நாலு தடவ போன் பண்ணிட்டா. கிளம்பிட்டோம்னு சொல்லிட்டேன்."

"ஏன் சித்தப்பா பொய் சொல்றீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல? உள்ள மாட்டிக்கிட்டான்னா?"

முக்கால் மணி நேரம் கழித்துத் திரை தெளிந்தது. சீட்டுக்காக வெளியே வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விடுவது உள்ளே கேட்டது.

"நீயே அடிச்சிரும்மா, நான் தொட்டா மறுபடி நின்னுரும்" என்றார் குமாஸ்தா.

அப்பாவின் பெயரை அடித்தாள். வயது ஐம்பத்தெட்டு. தொழில் என்ற இடத்தில் ஒரு பட்டியல் இறங்கியது. விவசாயி, அரசு ஊழியர், வியாபாரி, மற்றவை. மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள்.

"மூட்டை தூக்கறவங்க எதுல சார் வருவாங்க?"

"மற்றவைல போடும்மா."

"நாப்பது வருஷம் முதுகு தேயச் சுமந்தவன், மற்றவையா?" என்றார் சித்தப்பா. "அப்ப நானும் அதானா?"

அவள் மற்றவையைத் தட்டினாள். பிரிண்டர் சீட்டைத் துப்பியது. சித்தப்பா அதைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார்.

அவள் எழுந்தாள். வரிசையில் முதலில் நின்ற அம்மாள் எப்போது உள்ளே வந்தாளோ, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, எம் பையன் நேத்து மத்தியானத்துலேருந்து உள்ள கெடக்கான். நீ போனப்புறம் இது நின்னுபோச்சுன்னா?"

"நிக்காதும்மா."

சொல்லிவிட்டுக் குமாஸ்தாவைப் பார்த்தாள். அவர் மவுஸ் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. அந்த அம்மாளின் பிடியும் தளரவில்லை. பின்னால் இன்னும் ஆறு பேர்.

உட்கார்ந்தாள். "பையனுக்கு என்ன வயசு?"

"பத்தொம்பது."

அடித்தாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. ஊழியர்கள் இருவர் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வண்டியின் தளம் உயரமாக இருந்தது. சித்தப்பா யாரும் சொல்லாமலே அவர்களுக்கு முதுகைத் திருப்பினார். முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து, பாரம் வந்து உட்காரக் காத்து நின்றார்.