அறிவாளிகள் கொட்டாவி விடுகிறார்கள்

1

இந்தக் கதை படுக்கையில் பிறந்தது. ஊரே வேலைக்குப் போய்ச் சேர்ந்து இரண்டாவது டீக்கு எழுந்துவிட்ட நேரத்தில், நான் போர்வைக்குள் கிடந்து கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரவில் நேரம் கழித்துத் தூங்கி, காலையில் நேரம் கழித்து எழுகிறவர்களுக்கு அறிவு கூடுதல் என்று ஆராய்ச்சியில் தெரியவந்திருப்பதாக ஒரு செய்தி வந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோம்பேறி, தூங்குமூஞ்சி, கும்பகர்ணன் என்று சின்ன வயசிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்ட ஒருவனுக்கு இது எப்பேர்ப்பட்ட தீர்ப்பு!

செய்தியை உரக்க வாசித்துக் காட்டினேன். என் மனைவி அதற்குள் சமையலை முடித்து, துணியைக் காயப்போட்டு, அலுவலகம் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த மூளையைக் கொஞ்சம் எழுப்பி, அடுப்புல இருக்கற பாலை இறக்கச் சொல்லுங்க" என்றாள்.

நான் இறக்கவில்லை. இதை வைத்து ஒரு கதை எழுதி அவள் வாயை அடைப்பது என்று அங்கேயே, படுத்தபடியே, முடிவு செய்தேன். [பால் பொங்கி வழிந்தது. கதைக்குத் தேவையில்லாததால் சேர்க்கவில்லை.]

ஆக, வாசகரே, இது வஞ்சம் தீர்க்கக் கிளம்பிய கதை. அந்த வழியிலேயே போயிருந்தால் உங்களுக்கும் எனக்கும் தொல்லை இல்லாமல் முடிந்திருக்கும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "உலகம் உறங்கும் வேளையில்தான் அவனுடைய சிந்தனை சிறகு விரிக்கும். அவன் ஓர் எழுத்தாள–"

அடித்துவிட்டேன். யார் அந்த அவன் என்று மனைவி முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

இரண்டாவது தொடக்கம்: "அறிவு என்றால் என்ன? தூக்கம் என்றால் என்ன? இவ்விரண்டுக்கும் இடையிலான–" இதற்கே எனக்குக் கொட்டாவி வந்தது.

மூன்றாவது தொடக்கம்: "லிஃப்ட் மெக்கானிக் பொழுது விடிவதற்குள் எழுந்துவிடுவார்."

இது பிடித்தது. முட்டாளாக்குவதற்கு எனக்கு ஓர் ஆள் வேண்டும், அவர் சீக்கிரம் எழுகிறவராக இருக்க வேண்டும். அலுவலகக் கட்டடங்களில் கூட்டம் வருவதற்கு முன்பே லிஃப்டைப் பழுது பார்த்து முடித்துவிட வேண்டும் என்பதால், லிஃப்ட் மெக்கானிக் விடியலில் எழுந்தே தீர வேண்டும். காரணமும் சரியாக இருக்கிறது, ஆளும் சரியாக இருக்கிறார். சிரித்துக்கொண்டே அவரைச் சமையலறைக்கு அனுப்பினேன்.

போனவர் தனியாகப் போகவில்லை. பின்னாலேயே அவருடைய மகளும் வந்துவிட்டாள். அவளை நான் கூப்பிடவே இல்லை.

3

மகளுக்குப் பத்து வயது. விடிந்ததும் விழித்துக்கொள்வதால் அப்பா வைத்த பெயர் குருவி. அம்மா பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் வேலை செய்கிறவள். அவள் எழுந்திருக்க மூன்று அலாரமும் ஒரு சண்டையும் வேண்டும். அதனால் விடியலில் அந்தச் சமையலறை இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் சொந்தம்.

அவர் டீ போடுவார். குருவி சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு கேள்வி கேட்பாள்.

"அப்பா, மேல் மாடியில ஒருத்தர், கீழ ஒருத்தர், ரெண்டு பேரும் ஒரே சமயத்துல பொத்தானை அழுத்தினா லிஃப்ட் யார்கிட்ட முதல்ல போகும்?"

அவர் விளக்குவார். அவள் விடமாட்டாள். ரெண்டு லிஃப்ட் இருந்தால்? அதில் ஒன்று ஏற்கெனவே பாதி வழியில் இருந்தால்? உள்ளே ஆள் நிறைந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? பதில் தெரியாத கேள்வியோடுதான் அவர் பெரும்பாலும் வேலைக்குக் கிளம்புவார். லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று மசகு போடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு மணி நேரம்தான் அவருடைய நாளின் சம்பளம் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்வார்.

ஆனால் சாயங்காலம் விளக்குப் போட்டதும் குருவியின் தலை ஆட ஆரம்பித்துவிடும். வாயில் வைத்த கவளத்தோடு தூங்கிப்போவாள். அப்பா அதை மெல்ல எடுத்துவிட்டு, தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைப்பார்.

(இந்தப் பகுதியில் கேலி எங்கே என்று கேட்கிறீர்களா? நானும் தேடினேன். முட்டாளாக்கக் கூட்டிவந்த ஆள் இப்படி நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தால் கதை உருப்படாது என்று அடுத்த பகுதிக்கு ஓடினேன்.)

4

அந்த வீட்டில் இன்னொருவனும் உண்டு. லிஃப்ட்காரரின் மனைவிக்குத் தம்பி. வேலை தேடிக்கொண்டிருக்கிறான். வேலை கிடைக்கிற நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருப்பதால் இன்னும் இரண்டுக்கும் சந்திப்பு நடக்கவில்லை. மச்சானுக்கு 'ஆந்தை' என்று பட்டம் கொடுத்ததும் லிஃப்ட்காரர்தான்.

என்னைக் கண் கலங்க வைத்த அதே செய்தி அவனுக்கும் வந்தது. சாப்பாட்டு மேசை முன்னால் நின்றுகொண்டு வாசித்தான். அன்றோடு அந்த வீட்டில் அவன் நிலைமையே மாறிவிட்டது. பகலில் அவன் அறைப்பக்கம் சத்தம் போடக்கூடாது என்றாள் அக்கா. எங்கள் பிறந்த வீட்டில் எல்லோருமே இப்படித்தான், இத்தனை நாள் காரணம் தெரியாமல் இருந்தது என்றாள். ஆந்தை என்ற பட்டத்தை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தான்.

லிஃப்ட்காரர் சிரித்தார். சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ அந்தச் செய்தியைப் போட்டு வைக்க, பள்ளியின் தலைமை ஆசிரியை அதற்குக் கட்டைவிரல் உயர்த்திவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியில் கணக்குக்கென்று ஒரு சிறப்பு வகுப்பு ஆரம்பிக்கப் போகிறார்கள். இடம் கொஞ்சம்தான். நேர்காணல் வைத்துத் தலைமை ஆசிரியையே பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார். அப்படிப்பட்ட நேரத்தில் அவர் சும்மாவா கட்டைவிரல் போடுவார்? பெற்றோர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பிள்ளை எப்போது தூங்குகிறது என்று நேர்காணலில் கேட்கப் போகிறாராம் என்று சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது. சீக்கிரம் தூங்குகிற பிள்ளைக்கு இடம் கிடையாதாம் என்று மறுநாள் அது முற்றிவிட்டது.

குருவிக்கு அந்த வகுப்பு என்றால் உயிர். லிஃப்ட்காரர் இப்போது சிரிக்கவில்லை. அவளுக்கு முகம், நிறம், முடி எல்லாமே அம்மா ஜாடை. அவரிடமிருந்து அவளுக்கு வந்தது இந்த விடியல் விழிப்பு ஒன்றுதான். ஆசையாக நினைத்துக்கொண்டிருந்த அதுவே அவள் தலையில் மண்ணைப் போடுமோ என்று மனைவியிடம் கேட்டார்.

"எல்லாம் பழக்கம்தாங்க" என்றாள் அவள். "பழக்கினா மாறிடும்."

5

பழக்குகிற பொறுப்பு ஆந்தைக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குத் தெரிந்த ஒரு விஷயத்துக்குத் தேவை வந்திருந்தது. ராத்திரியில் அவள் முகத்தில் தண்ணீர் அடித்தான், கேரம் ஆடினான், பாட்டுப் போட்டான், கண் சொருகினால் காதைத் திருகினான். குருவி முதல் வாரம் அழுதாள். இரண்டாவது வாரம் அழக்கூடத் தெம்பில்லை. பிறகு, பழக்கினால் மாறிவிடும் என்று அம்மா சொன்னபடியே, மாறிவிட்டாள்.

விடியலில் லிஃப்ட்காரர் டீ போட்டார். மேடை காலியாக இருந்தது. மகளின் அறை வாசலில் போய் நின்றார். எழுப்பினால் இத்தனை நாள் பாடும் வீண் என்று திரும்பி வந்து, ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். மறுநாளும் அப்படித்தான். வகுப்பில் குருவி தூங்கிவிழுகிறாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்பியபோது, அம்மா அதைப் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் அவரே ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டு வந்தார். மூன்று லிஃப்ட், ஒரே பொத்தான், எது வரும் என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தெரியலப்பா, தலை வலிக்குது" என்றாள். இதெல்லாம் அவள் நல்லதுக்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

6

இதுவரைக்கும் எழுதியதை மனைவியிடம் கொடுத்தேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் படித்துவிட்டு, "இந்த மனுஷன் முட்டாள் இல்லீங்க, பயந்துபோனவன்" என்றாள். முட்டாளுக்கும் பயந்தவனுக்கும் கதையில் ஒரே வேலைதான் என்று வாதாடினேன். அப்போதுதான் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள்: நீங்கள் அந்தச் செய்தியைக் கடைசிவரை படித்தீர்களா?

படிக்கவில்லை. நமக்குச் சாதகமான தீர்ப்பு முதல் பத்தியிலேயே கிடைத்துவிட்டால், மிச்சத்தை யார் படிப்பார்?

படித்தேன். ஆயிரக்கணக்கான பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், நேரம் கழித்துத் தூங்குகிறவர்கள் சில அறிவுச் சோதனைகளில் ஒரு நூல் முன்னே இருக்கிறார்களாம். அந்த நூலை வைத்து எந்தத் தனி ஆளையும் அளக்க முடியாதாம். பரீட்சை மதிப்பெண் என்று வந்துவிட்டால், காலையில் எழுகிற கூட்டம்தான் ஒரு நூல் முன்னேயாம். நேரம் கழித்துத் தூங்கப் பழகினால் அறிவு வளரும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. உயரமானவர்களுக்குப் பெரிய செருப்பு என்பதற்காகப் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு வளரப் பார்த்திருக்கிறோம்.

[நியாயமாகப் பார்த்தால் இங்கே கதையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்க வேண்டும். போனேன். தூக்கம் வரவில்லை. நான் வஞ்சம் தீர்க்க ஆரம்பித்த விளையாட்டில் ஒரு பத்து வயசுப் பிள்ளை தலைவலியோடு உட்கார்ந்திருக்கிறாள்.]

7

நேர்காணல் காலையில்.

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. தலைமை ஆசிரியை கோழி கூவும்போது எழுகிறவராம். பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே நேர்காணலைத் தொடங்கிவிடுவது அவர் வழக்கமாம். இது தெரியாமல் இரவெல்லாம் விழிக்கப் பழக்கிய பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து நடைபாதை பெஞ்சுகளில் வரிசையாக வைத்திருந்தார்கள் பெற்றோர்கள். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டால் அது அப்படியே வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. ஓர் அம்மா தன் மகனின் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். ஓர் அப்பா அங்கேயே குறட்டை விட்டார். பயிற்சியாளரான ஆந்தை வருவதாகத்தான் இருந்தது. எழுந்திருக்கவில்லை.

லிஃப்ட்காரர் மகளைத் தோளில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தலைமை ஆசிரியை கதவைத் திறந்துகொண்டு வந்து, இந்தக் காட்சியைப் பார்த்து, "என்ன, எல்லாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

கிள்ளிக்கொண்டிருந்த அம்மாதான் துணிந்து எழுந்தாள். நீங்கள் கட்டைவிரல் போட்ட செய்தியைப் பார்த்துத்தான் பிள்ளைகளைப் பழக்கினோம் என்று சொன்னாள்.

"எந்தச் செய்திம்மா? நான் எல்லாத்துக்கும் கட்டைவிரல் போட்டுடுவேன். இல்லேன்னா குழுவுல கோவிச்சுக்கறாங்க. படிக்க நேரம் ஏது?"

முதல் பிள்ளையின் எண்ணை அழைத்துவிட்டு அவர் உள்ளே போனார். நடைபாதையில் கொஞ்ச நேரம் கொட்டாவிகூட இல்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கட்டைவிரல் போட்டவர் ஒருவர், தண்ணீர் அடித்தவர்கள் இத்தனை பேர்.

குருவி தலையைத் தூக்கினாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

"அப்பா, எனக்கு மூளை கம்மின்னுதானே நீங்க என்னைத் தூங்க விடல?"

8

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. குருவி உள்ளே போய் எல்லாக் கணக்கையும் போட்டு முதலிடம் வாங்குகிறாள். பொய். அத்தனை வாரமாகத் தூங்காத பிள்ளை.

இன்னொன்று. இடம் கிடைக்கவில்லை. லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போய் மச்சானைப் போர்வையோடு தூக்கி வெளியே போடுகிறார். எழுதும்போது கை குறுகுறுத்தது. ஆனால் பழக்க விட்டது யார், வாசலில் நின்றும் எழுப்பாமல் திரும்பியது யார்?

மூன்றாவதில் அப்பாவும் மகளும் நேர்காணலே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது. "நீங்க தூங்கறதுக்கு அவங்களைச் சாக்கு வைக்காதீங்க" என்றாள் மனைவி. அதோடு, அந்தப் பிள்ளை கேட்டதற்கு இதில் எங்கே பதில் இருக்கிறது என்றும் கேட்டாள்.

இல்லை. மூன்றிலும் இல்லை. இடம் கிடைப்பதும் கிடைக்காததும் இனிமேல் சின்ன விஷயம்.

அதனால் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லடா, மாமாதான்–" பழியை அடுத்தவன்மேல் போடுகிறார். அடித்தேன்.

"உன் நல்லதுக்குத்தான்–" அடித்தேன்.

"நீ புத்திசாலின்னு அப்பாவுக்கு நல்லாத் தெரியும், ஆனா–"

இந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 'ஆனா'வுக்குப் பின்னால் எதை எழுதினாலும் அவள் கேட்டது உண்மை என்று ஆகிறது. 'ஆனா'வை எடுத்துவிட்டால், அப்புறம் ஏன் தூங்க விடவில்லை என்று அவள் கேட்பாள். முகத்தில் தண்ணீர் அடித்த ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு பதில் சொல்லப்பட்டிருக்கிறது. வாயால் சொல்கிற பதில் அதை அழிக்க வேண்டும். அந்த அளவுக்கு எனக்கு எழுத வராது, நான் எந்நேரம் தூங்கி எழுந்தாலும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கலாம். எங்கேயோ, எதற்காகவோ, அடுத்தவர் பிள்ளையைப் பார்த்து நீங்களும் அதை உலுக்கியிருக்கலாம். ஆகவே இந்த இடத்தில் நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் வந்து பெஞ்சில் உட்காருங்கள். அவளுடைய எண்ணைக் கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. தோளில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்துவிட்டாள், உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு இப்போதுதான் அவளுக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்திருக்கிறது.

சொல்லுங்கள்.