வடித்த மோமோ

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. உடல்நல மாத இதழ் ஒன்றின் ஆசிரியை வினிதா போன் செய்து, "சார், ஃப்ரோசன் மோமோல என்ன சத்து இருக்குன்னு ஒரு கட்டுரை வேணும். பயமுறுத்தாதீங்க, பாராட்டவும் வேணாம்," என்றார். எனக்கு வேலை சுலபம் என்றுதான் பட்டது. கீழ்க்கட்டளையில் என் தெருமுனையிலேயே அயூப்பின் கடை இருக்கிறது. முழுக்க முழுக்க ஃப்ரீசர் சரக்கு. ஒரு பாக்கெட் வாங்கி, பின்பக்கத்தைப் பார்த்து எழுதினால் தீர்ந்தது.

போனேன். கட்டடத்தின் சொந்தக்காரர் ஜெயவேலு, செல்போன் டார்ச்சை அடித்தபடி ஒரு மோமோ பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பவர். லாரிக்காரரின் லைசென்ஸை வாங்கிப் பார்க்கும் டிராபிக் போலீஸ் மாதிரி முகத்தை வைத்திருந்தார்.

"சார், சோடியம்னு போட்டுகீறான். அது உப்புதானே?"

"உப்புல இருக்கறதுதான்," என்றேன்.

"எவ்ளோ போட்டுகீறான்? பொடி எழுத்தா கீது, படிச்சி சொல்லுங்க."

படித்துச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் கட்டுரை என் கையைவிட்டுப் போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: "மைதாவின் மெல்லிய தோலுக்குள் முட்டைக்கோஸின் ஒரு தனி உலகம்..." (வேண்டாம். முட்டைக்கோஸுக்கு உலகமெல்லாம் கிடையாது.)

இரண்டாவது: "ஏரியின் மேல் மாலை வெயில் சாய்ந்து..." (எங்கள் தெருவிலிருந்து ஏரியைப் பார்க்க மொட்டைமாடி ஏற வேண்டும். அதன் சாவி அபார்ட்மென்ட் செகரட்டரியிடம் இருக்கிறது.)

மூன்றாவது: ஜெயவேலுவின் மனைவி பொன்னியம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

இதுதான் சரி. முதலிலேயே இங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

3

பொன்னியம்மாளுக்கு பிபி ஏறி, கிட்னியைத் தொட ஆரம்பித்திருந்தது. டாக்டர் உப்பை வெகுவாகக் குறைக்கச் சொன்னார். குறைத்தார்கள். உப்போடு சேர்ந்து அவளுடைய பசியும் போய்விட்டது. வீட்டில் எல்லோருக்கும் (எல்லோரும் என்றால் ஜெயவேலு மட்டும்தான், பிள்ளைகள் வேலையைச் சாக்கிட்டுக் கேளம்பாக்கம் பக்கம் போய்விட்டார்கள்) வக்கணையாகச் சமைத்துப் போட்டுவிட்டு, தன் தட்டில் சோற்றை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருப்பாள். கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரை ஓடியது. எடை மெஷினைப் பார்த்த டாக்டர், "இப்படியே எளச்சா அதுவும் ஆபத்து. எப்படியாவது சாப்பிட வைங்க," என்று ஜெயவேலுவைக் கோபித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அயூப், புதுச் சரக்கு என்று ஒரு தட்டு மோமோவை வேகவைத்து மாடிக்குக் கொடுத்தனுப்பினார். பொன்னியம்மாள் முழுத் தட்டையும் காலி செய்தாள். சட்னியை வழித்து விரலையும் சப்பினாள். ஜெயவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே கீழே வந்து பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் நான் போனேன்.

* கட்டுரைக்காக எடுத்த குறிப்பு, வீணாக வேண்டாம்: உறைய வைப்பதால் மோமோவின் சத்து பெரிதாகக் குறைந்துவிடாது. மைதாத் தோலில் குறைவதற்கும் அதிகமில்லை. பூரணத்தில் சோயா இருந்தால் புரதம் கொஞ்சம் தேறும். உப்பு தாராளம். கூட வரும் சிவப்புச் சட்னியில் இன்னும் தாராளம்.

4

ஜெயவேலு அடுப்படிக்குப் போவாரா? கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் குடிக்க மட்டுமே அங்கே நுழைந்தவர். கதாபாத்திரமாக அவரை நான் நம்பவில்லை. ஆனால் போனார் என்று அயூப் சத்தியம் செய்கிறார். ஆகவே போகிறார்.

ஜெயவேலுவுக்குச் சர்க்கரை உண்டு. அதனால் அந்த வீட்டில் குக்கர் சோறு கிடையாது. நிறையத் தண்ணீரில் பொங்கி, கஞ்சியை வடித்துவிட்டுத்தான் சாப்பாடு. சோற்றின் கெடுதல் எல்லாம் கஞ்சியோடு போய்விடுகிறது என்பது அவர் நம்பிக்கை. சர்க்கரை போகும்போது உப்பு போகாதா? மோமோவை அவர் ஆவியில் வைக்கவில்லை. சோற்றுப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மோமோக்களைப் போட்டு, வெந்ததும் தட்டால் மூடிச் சாய்த்து வடித்தார். மனசு கேட்காமல் வெந்நீர் ஊற்றி இன்னொரு முறையும் வடித்தார். சட்னி பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. கீழே கொண்டுபோய், "வீணாப் பூடும், யாருக்குனா குடு," என்று அயூப்பிடம் திருப்பிக் கொடுத்தார்.

(வடித்தால் உப்பு போகுமா என்று வினிதாவைக் கேட்டேன். அவர் இதழின் உணவு ஆலோசகரைக் கேட்டார். "கொஞ்சம் போகும்," என்று பதில் வந்தது. எவ்வளவு கொஞ்சம் என்று திரும்பக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.)

பொன்னியம்மாள் தட்டில் ஊறிப்போய்க் கிடந்தவற்றைப் பார்த்தாள். (இங்கே நல்ல உவமை ஒன்று எழுதியிருந்தேன். படித்தால் யாரும் மோமோ சாப்பிடமாட்டார்கள். எடுத்துவிட்டேன்.)

"இன்னாங்க இது?"

"மோமோ. வடிச்சிகீறேன்."

"மோமோவ யாருனா வடிப்பாங்களா?"

"துன்னு பாரு மே. உப்பெல்லாம் தண்ணியோட பூட்ச்சி."

தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க போய் டிவி பாருங்க, நான் மெதுவா துன்றேன்," என்றாள். சாப்பிட்டாள். அடுத்தடுத்த நாட்களிலும் சாப்பிட்டாள். வளையல் மறுபடியும் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றது. ஜெயவேலு தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். என்னைப் பார்த்து, "வடிச்சா எல்லாம் பூடும் சார். அத்தயும் எழுதுங்க," என்றார்.

5

"சார், கட்டுரை எங்க?"

"வந்துட்டே இருக்கு. நடுவுல ரெண்டு பேர் வந்துட்டாங்க."

"மோமோ கட்டுரைல ஆளுங்க எதுக்கு சார்?" என்றார் வினிதா.

எதற்கென்று நேற்று மத்தியானம்தான் எனக்கே தெரிந்தது.

பொன்னியம்மாளுக்கு முழங்கால் வலி, படி இறங்கமாட்டாள். பால்கனியிலிருந்து கயிறு கட்டிய பிளாஸ்டிக் கூடையை இறக்குவாள். காய்காரரோ அயூப்போ சாமானைப் போட்டுவிட்டுக் கயிற்றை ஒரு தடவை இழுத்தால், தூக்கிக்கொள்வாள். குனிந்தால் தலை சுற்றும் என்பதால் கீழே பார்ப்பதில்லை. அந்த இழுப்புதான் தகவல்.

நேற்று மோமோவை வடித்துத் தட்டில் வைத்துவிட்டு, மறுநாள் டாக்டரிடம் போக ஆட்டோ சொல்லிவைக்க ஜெயவேலு கீழே வந்தார். கூடை தொங்கிக்கொண்டிருந்தது. அயூப் அதில் ஒரு சிவப்புச் சட்னி பாக்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். ஜெயவேலு திருப்பிக் கொடுத்தவற்றில் ஒன்று.

"இன்னா அயூப்பு இது?"

அயூப் கூடையிலிருந்து கையை எடுத்தார். "அண்ணா, அக்காதான் போன்ல கேட்டாங்க. இது இல்லன்னா ஒரு வாய் உள்ள எறங்கலயாம்."

"தெனமுமா?"

"தெனமும். உங்க கிட்ட சொல்லாதன்னாங்க. பாவம், அந்த மனுஷன் ஆசையா வடிக்கிறாரு, அது அப்படியே இருக்கட்டும்னாங்க."

ஜெயவேலுவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடுத்து, இத்தனை நாள் தெருவில் பீற்றிக்கொண்டு திரிந்ததை நினைத்து வெட்கம். இரண்டும் போன பிறகு வந்த பயம் மட்டும் போகவில்லை. அவள் தேறியது வடித்ததால் இல்லை, சட்னியால். அந்தச் சட்னிதான் அவள் கிட்னிக்கு ஆகாது. "கொஞ்சம் நவுரு," என்று அயூப்பை ஒதுக்கிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

6

முடிவு ஒன்று: பாக்கெட்டை எடுத்துவிட்டு இழுக்கிறார். வெறுங்கூடை மேலே போகிறது. மோமோ தட்டிலேயே கிடக்கிறது. இரவும் அவள் சோற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

முடிவு இரண்டு: பாக்கெட்டோடு இழுக்கிறார். அவள் விரலைச் சப்பும் சத்தம் அவருக்குக் கூடத்தில் கேட்கிறது. மறுநாள் டாக்டர் அவள் கையில் பிபி பட்டையைச் சுற்றி, காற்றடித்து, மெஷினைப் பார்த்து... (இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

முடிவு மூன்று: சட்னியில் பாதியைப் பிதுக்கிக் கொட்டிவிட்டு மீதியை அனுப்புகிறார். வினிதாவுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. "பேலன்ஸ்டா இருக்கு சார்," என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. பாதிச் சட்னியைப் பார்த்ததும், அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவர் எதற்காக வடிப்பார், அவள் எதற்காகச் சாப்பிடுவாள்?

இத்தனையும் நடக்கும்போது நான் கடை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஜெயவேலு என்னைப் பார்த்தார்.

"சார், படிச்சவரு நீங்க சொல்லுங்க. கயித்த இஸ்க்கட்டுமா?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் நட்சத்திரக் குறி போட்டு மேலேயே எழுதிவிட்டேன். அதற்கு மேல் தெரியாது. அதனால் கயிற்றை உங்களிடம் கொடுக்கிறேன், பிடியுங்கள். மறுமுனை அவள் கையில் இருக்கிறது. அவள் கீழே பார்க்கமாட்டாள். கூடைக்குள் பாக்கெட் இருக்கிறது. எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள். வடித்த மோமோ ஆறிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு சட்னி இருந்தாலும் அவள் சாப்பிடமாட்டாள்.