சந்தை வாசலில் ஒரு பெயர்

எட்டாம் வகுப்பு படிக்கும் தன் மகள் வாசிப்புப் போட்டியில் தோற்றுவிட வேண்டும் என்று சசிகலா வேண்டிக்கொண்டாள். காலையில் அன்பரசிக்குப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, "பயப்படாமப் படி" என்று அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வேண்டினாள்.

சாயங்காலம் பெண் ஓடிவந்தாள்.

"நாந்தாம்மா ஃபர்ஸ்ட்டு! ஒன்றியத்துலயே! அடுத்து தர்மபுரில, மாவட்டப் போட்டி."

சசிகலா அவளைக் கட்டிக்கொண்டாள். தன் முகம் அவளுக்குத் தெரியாதபடி இறுக்கிக்கொண்டாள். சந்தோஷம் வராமல் இல்லை. அது வந்த இடத்திலேயே பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

நல்லம்பள்ளியை விட்டுக் காரிமங்கலத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அன்பரசி வயதுக்கு வந்த மாதமே புருஷன் குப்புராஜ் அவளைத் தன் அக்கா மகனுக்குப் பேசி முடித்துவிட்டான். "படிச்சது போதும், தாம்பூலம் மாத்தியாச்சு" என்றான். மறுத்துப் பேசியதில் சசிகலாவுக்கு இடது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. அவன் ஆடு வாங்க வெளியூர் போயிருந்த ஒரு நாளில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் விசாரணை வரும், விசாரணைக்குப் பின்னாலேயே அவனும் வருவான் என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, "அவங்கப்பா வெளியூர்ல வேலை" என்று மட்டும் சொன்னாள்.

சந்தை நாட்களில் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டாள். ஆடு பிடிக்க நல்லம்பள்ளிக்காரர்கள் வருவார்கள். மற்ற நாட்களிலும் சுற்றுவழியாகத்தான் தையல் கடைக்குப் போவாள். பழைய வீட்டில் அன்பரசி வாய்விட்டுப் படித்தால், "அப்பா தூங்கறார், மெதுவா" என்பாள். இங்கே வந்தபிறகுதான் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பதே தெரிந்தது.

தமிழாசிரியர் மாதேஸ்வரன் பள்ளிக்கு வரச்சொல்லியிருந்தார்.

"ஃப்ளெக்ஸ் வைக்கப்போறோம்மா. நம்ம ஸ்கூல்ல இருந்து மாவட்டத்துக்குப் போற மொதப் புள்ள. பாப்பா போட்டோ ஒண்ணு குடுங்க."

"போட்டோ வேணாங்க சார்."

"ஏம்மா?"

"கண்ணு பட்டுருங்க."

அவர் சிரித்தார். "எங்க வூட்டுலயும் இதே பேச்சுதான். என் பையன் மார்க்கைக்கூட வெளிய சொல்ல வுட மாட்டாங்க. சரி வுடுங்க, போட்டோ இல்லாமயே ஜம்முனு பண்ணிடறேன்."

பொய் இவ்வளவு சுலபமாக வேலை செய்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாவட்டப் போட்டி சந்தை நாளில் வந்தது. அன்பரசி விடியற்காலையே சாருடன் வேனில் போய்விட்டாள். சசிகலா கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது கூடத் தைக்கும் முனியம்மாள் காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள்.

"ஏண்டி சசி, கமுக்கமா இருந்துட்டியே! உம்மவ பேரு சந்தை வாசல்ல என்னமாத் தொங்குது! போன வாரமே கட்டிட்டாங்களாம். ஒரு காரா பூந்தி வாங்கித் தர மனசு வரல உனக்கு?"

"போட்டோ போட்டிருக்காங்களாக்கா?"

"போட்டோவ எங்க போட்டாங்க? பேருதான் இத்தாப் பெரிசா."

ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்தாள். ஒரு வருஷமாகப் போகாத தெருவில் நடந்தாள். ஆட்டுப் புழுக்கை வாடை முதலில் வந்தது. பிறகு ஃப்ளெக்ஸ் தெரிந்தது.

படம் இருக்கவேண்டிய வட்டத்தில் விரித்த புத்தகம் ஒன்று. அதன் மூலையில், தாயின் மனம் நோகக்கூடாதென்று சார் நினைத்தாரோ என்னவோ, ஒரு திருஷ்டிப் பூசணி. படம் இல்லாமல் மிச்சமிருந்த இடத்தையெல்லாம் எழுத்தால் நிரப்பியிருந்தார். 'நல்லம்பள்ளி திரு. குப்புராஜ் அவர்களின் செல்வ மகள் அன்பரசி.' பள்ளிப் பதிவில் இருந்தது அப்படியே. ஊரில் இல்லாத தகப்பனுக்கும் மரியாதை குறையாமல் செய்திருந்தார். கீழே தர்மபுரிப் போட்டியின் தேதி, மண்டபத்தின் பெயர், வெற்றி பெற வாழ்த்து.

அவள் மறைத்தது முகத்தை. இவர்கள் அப்பன் பெயரையும் ஊரையும் போடுவார்கள் என்று தோன்றவே இல்லை. சந்தைக்கு வராமல் ஒளிந்ததால் அது ஒரு வாரமாகத் தொங்கியதும் தெரியவில்லை.

சாருக்குப் போன் செய்து வலது காதில் அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, சரியான நேரத்துக்குக் கூப்பிட்டீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். சிரிப்பு தெரிந்தது. "சொல்லவே இல்லையே, அப்பா வர்றாருன்னு! ஃப்ளெக்ஸை யாரோ ஊர்க்காரங்க போட்டோ புடிச்சு அனுப்புனாங்களாம். புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருக்கார். பாப்பாவுக்கு இன்னும் தெரியாது, சர்ப்ரைஸ்னு சொல்லிட்டார். முடிஞ்சதும் தானே கூட்டிட்டுப் போறேங்கறார்."

"சார், வேணாங்க சார், புள்ளய அவருகிட்ட..."

"இருங்க, பேரு கூப்பிட்டாங்க. நீங்களே கேளுங்க, போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டறேன்."

"சார்! சார்!"

போன் நகரும் சத்தம். இரைச்சல். பிறகு அன்பரசியின் குரல், மண்டபம் முழுக்க நிறைகிற குரல், தயக்கமே இல்லாமல் வந்தது.

"மழைக்காலம் முடிந்ததும் ஏரிக்கு வரும் பறவைகள், கரையில் ஆள் நடமாட்டம் இல்லையென்று தெரிந்த பிறகே..."

நின்றுவிட்டது.

சசிகலா கத்தினாள். சந்தையில் ஆடுகளும் கத்திக்கொண்டிருந்தன. யாரும் திரும்பவில்லை.

போனுக்குள் மண்டபம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், மிக அருகிலிருந்து, ஒருவர் மட்டும் நிதானமாகக் கைதட்டுவது கேட்டது.